பளபளா அக்காவும் மினுங்காத டேங்க்கும்

அந்த வாட்டர் சர்வீஸ் கடையிலிருந்து எந்த வண்டியும் அக்காவின் பல்லைப் பார்க்காமல் வெளியே போனதில்லை. கழுவி, துடைத்து, வேக்ஸ் போட்டு, மறுபடியும் துடைத்து முடித்ததும் அவள் பெட்ரோல் டேங்க்கின் மேல் குனிந்து ஈ என்று இளிப்பாள். பல்வரிசை பிசிறில்லாமல் தெரிந்தால் சாவியைக் கொடுத்துவிடுவாள். மங்கலாகத் தெரிந்தால் தோளில் கிடக்கும் பனியன் துணியை உருவி இன்னொரு தேய் தேய்ப்பாள். முதல்முறை வருகிறவர்கள், தங்கள் வண்டியில் சிரிக்கும்படி அப்படி என்ன இருக்கிறது என்று புரியாமல் சுற்றி வந்து பார்ப்பார்கள். தெரு அவளுக்கு வைத்த பெயர் பளபளா அக்கா. அவளைவிட மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். கூரியர்காரர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் பார்சலை நீட்டுவார்.

கழுவுவதை அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பஸ் டிப்போவில் வேலை பார்த்தாள். வரிசையாக நிற்கும் பஸ்களுக்குத் தண்ணீர் அடித்துத் தள்ளுவதுதான் வேலை. மேற்பார்வையாளர் தன் கண் உயரம் வரைக்கும்தான் பார்ப்பார், அதனால் மற்றவர்களும் அந்த உயரம் வரைக்கும்தான் கழுவினார்கள். அக்கா மட்டும் ஏணி போட்டுக் கூரை வரைக்கும் போனாள். மேலே இருக்கிற அழுக்கு முதல் மழைக்குக் கீழே இறங்கி வரத்தானே போகிறது என்பது அவள் கணக்கு. டிப்போவில்தான், வண்டியைக் கெடுப்பது அழுக்கைவிட அதன்மேல் காயவிட்ட தண்ணீர்தான் என்று கண்டுபிடித்தாள். அங்கேதான் கணவரையும் கண்டுபிடித்தாள்.

அவர் பம்ப் மெக்கானிக். டிப்போவின் பம்ப்பைப் பழுது பார்க்க வந்தவர், சோதனைக்காகத் திருகியபோது, அவள் அப்போதுதான் கழுவி முடித்திருந்த பஸ்ஸின் மேல் சேற்றுத் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அவள் கொடுத்த வசவு டிப்போ வாசல் வரைக்கும் கேட்டதாம். ஒரு மணி நேர வேலையை அவர் அந்த வாரம் முழுக்கச் செய்துகொண்டிருந்தார். அந்தப் பம்ப்புக்கு அப்படி என்னதான் கோளாறு என்று அக்கா இன்றைக்கும் கேட்பாள். அது பம்ப்புக்கு வந்த கோளாறு இல்லை என்பார் அவர்.

கல்யாணமானதும் அவருடைய பம்ப்பும் அவளுடைய கையும் சேர்ந்து கடையானது. தகரக் கூரை, சரிவாகச் சிமெண்ட் போட்ட தரை, நடுவில் வண்டியை ஏற்றி நிறுத்த ஒரு மேடை, சுவரோரம் வாளிகள். பக்கத்துக் கடை போன் ரிப்பேர். எதிர்ப்பக்கம் டிங்கரிங், பெயின்டிங். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, நாத்தனார் புது வண்டி வாங்கும் வரைக்கும்.

நாத்தனார் கணவருடைய தங்கை. டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்கு இருசக்கர வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். நாள் முழுக்கப் பின்சீட்டில் உட்கார்ந்து உத்தரவு போட்டுப் பழகியதால், வீட்டில் சாப்பிடும்போதுகூட "கண்ணு முன்னாடி இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவாள். இத்தனை வருஷமும் யாரோ ஓட்டித் தேய்த்த வண்டிகளையே ஓட்டியவள், முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு மோட்டார்சைக்கிள் எடுத்தாள். மேட் பெயிண்ட் போட்டது. துடைத்த கரும்பலகை நிறம். வெளிச்சம் அதன்மேல் விழுந்தால் திரும்பி வரவில்லை, உள்ளேயே உட்கார்ந்துகொண்டது.

அக்கா வழக்கம்போல டேங்க்கின் மேல் குனிந்து இளித்தாள். ஒன்றும் தெரியவில்லை. இன்னும் கிட்டே போனாள். அப்போதும் தெரியவில்லை. நிமிர்ந்தபோது அவள் முகம், வீட்டுக்குள் யானை வந்து நிற்பதைப் பார்த்த குழந்தை மாதிரி மலர்ந்திருந்தது என்று கணவர் பின்னால் சொன்னார். அதைத் தொட்டுப் பார்க்க அவள் கையை நீட்டியதும் நாத்தனார் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"அண்ணி, உங்க மேல எனக்கு உசிரு. ஆனா உங்க கைக்கும் இந்த வண்டிக்கும் நடுவுல எப்பவும் நான் இருப்பேன்."

காரணம் இருந்தது. மேட் பெயிண்ட்டைத் தேய்த்தால் அது மினுங்க ஆரம்பித்துவிடும், மினுங்கிய இடம் மறுபடி மங்காது, டேங்க்கையே மாற்றவேண்டியதுதான் என்று விற்றவர்கள் பயமுறுத்தி அனுப்பியிருந்தார்கள். நாத்தனாரோடு விடுமுறை நாட்களில் தூரமாக வண்டி ஓட்டப் போகும் தோழிகள் ஒரு கூட்டம் உண்டு. அவர்களில் பாதிப்பேரிடம் மேட் வண்டிதான். எந்த வாட்டர் சர்வீஸை நம்புவது என்று தெரியாமல் வீட்டு வாசலில் தாங்களே மக் மக்காகத் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பளபளப்பாக்கத் தெரிந்த கை என்றால் தொடக்கூடாதா என்பது அக்காவுக்கு உறைத்தது. ஆனால் வருத்தம் ஒரு சாயங்காலத்துக்கு மேல் தங்கவில்லை. அதற்குள் ஆர்வம் பிடித்துக்கொண்டது. எதிர்க்கடைப் பெயின்டரிடம் போய், மேட் என்றால் என்ன, ஏன் மினுங்கவில்லை, தேய்த்தால் ஏன் மினுங்குகிறது என்று குடைந்தாள். அவர் கையிலிருந்த வேலையை வைத்துவிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மேல்பூச்சுதான் விஷயம். வழவழப்பான பூச்சு கண்ணாடி மாதிரி சமமாக இருக்கும், அதனால் வெளிச்சம் நேராகத் திரும்பும். மேட் பூச்சு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மேடும் பள்ளமுமாக இருக்கும், வெளிச்சம் நாலாபக்கமும் சிதறிப்போகும். தேய்த்தால் மேடு மழுங்கும். வேக்ஸ் போட்டால் பள்ளம் நிரம்பும். இரண்டிலும் சமமாகிவிடும், சமமானால் மினுங்கும்.

"அப்ப இத்தனை வருஷமா நான் பண்ணது பூரா பள்ளம் நிரப்புற வேலையா?" என்று கேட்டாள் அக்கா.

"ரோடு போடுற வேலைன்னு வெச்சுக்கங்க," என்றார் பெயின்டர். விபத்தில் நெளிந்துபோன மேட் மட்கார்டு ஒன்றையும் கழித்துப்போட்ட சாமான்களிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

அந்த மட்கார்டு பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. அக்கா அதை வேண்டுமென்றே கெடுத்தாள். ஒரு மூலையில் கட்டிப் பாலிஷை வைத்து அழுத்தித் தேய்த்தாள். ஒரு மூலையில் பிரஷ். ஒரு பக்கம் துணி சோப்பு. ஒரு பக்கம் பம்ப்பின் தண்ணீர் பீய்ச்சும் கன்னைக் கிட்டே வைத்து அடித்தாள். வெயிலில் காயவிட்டுத் தண்ணீர்த் திட்டு வரவைத்தாள். ஒவ்வொன்றும் கெடும்போது அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது இப்படித்தான் கெடும் என்று தெரிந்துவிட்டதல்லவா. கணவரைக் கூப்பிட்டுக் காட்டுவாள். அவர், ஒரு மட்கார்டைக் கெடுத்ததற்கு இவ்வளவு பெருமைப்பட்டவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்பார்.

பல்லைப் பார்த்துச் சுத்தம் சொல்ல முடியாது என்பதால் வேறு வழியும் தேடினாள். கடைசியில் கண்டுபிடித்தாள். மட்கார்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சம் எதிரே இருக்கும்படி, விளிம்போரமாகப் பார்க்கவேண்டும். சுத்தமாக இருந்தால் எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே கருப்பு. விரல் பட்ட எண்ணெய், சோப்பு மிச்சம், எது இருந்தாலும் அங்கே மட்டும் கருப்பின் ஆழம் மாறும். அன்றைக்கு அவள் பெட்டிக்கடை வாசலில் நின்ற மேட் வண்டி ஒன்றின் முன்னால் முழங்கால் போட்டுப் பார்க்க, வண்டிக்காரர் ஏதோ விழுந்துவிட்டதா என்று கேட்டுத் தானும் கூடத் தேடியிருக்கிறார்.

இப்படியே சில மாதம் நச்சரித்ததில் நாத்தனார் இறங்கி வந்தாள். ஒரு நீண்ட பயணம் போய்வந்து வண்டி முழுக்கப் புழுதியும் பூச்சியும் ஒட்டிக்கிடந்தது. கடையில் கொண்டுவந்து நிறுத்திச் சாவியைக் கொடுத்தாள். தோழிகள் எல்லாம் காத்திருக்கிறார்கள், இது நல்லபடியாக வந்தால் அவர்களும் வருவார்கள், இல்லாவிட்டால் தன் முகத்தில் அவர்கள் விழிக்கமாட்டார்கள் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனாள். தெருமுனை வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அக்கா அன்றைக்கு வேறு எந்த வண்டியையும் எடுக்கவில்லை. நிழலில் நிறுத்தி, இன்ஜின் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தாள். கன்னைக் கழற்றிவிட்டுக் குழாயை மட்டும் பிடித்து, மழை மாதிரி தண்ணீரை வழியவிட்டுப் புழுதியை ஊறவைத்தாள். ஹெட்லைட் பக்கத்தில் காய்ந்து கெட்டியாகியிருந்த பறவை எச்சத்தின் மேல் ஈரத் துணியைப் போர்த்திவிட்டு, அது தானாக இளகட்டும் என்று காத்திருந்தாள். சுரண்டவில்லை. ஒரு வாளியில் வேக்ஸ் கலக்காத ஷாம்பு, இன்னொரு வாளியில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்புவில் நனைத்து, அழுத்தாமல் முன்னிருந்து பின்னாக ஒரே கோட்டில் இழுத்து, வெறும் தண்ணீரில் அலசி, மறுபடி நனைத்தாள். சுழற்றித் தேய்க்கத் துடித்த மணிக்கட்டை நெஞ்சுக்குள்ளேயே அதட்டி அடக்கினாள். கடைசியில் புதிதாக வாங்கிய மெத்தென்ற துண்டை டேங்க்கின் மேல் விரித்து, மேலே உள்ளங்கையை வைத்து, ஒற்றி ஒற்றி எடுத்தாள். குழந்தைக்குத் தலை துவட்டுவதுகூட அவ்வளவு பதமாக இருக்காது.

முழங்கால் போட்டு விளிம்போரமாகப் பார்த்தாள். ஒரே கருப்பு. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் திட்டு இல்லை, கோடு இல்லை, ஆழம் மாறவில்லை. அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பளபளப்பு என்பது எதிரே நிற்பவனைக் காட்டுவது, இது வண்டியை மட்டும் காட்டுகிறது என்று கணவரிடம் சொன்னாள். அவர் தேநீரோடு வந்து எட்டி நின்றே பார்த்தார். கிட்டே வர அவருக்கு அனுமதி இல்லை.

அந்த நேரம் பார்த்து நாத்தனாரிடமிருந்து போன் வந்தது.

ஆகிவிட்டதா என்று கேட்டாள். அக்கா வண்டிக்குப் பக்கத்தில் நின்றபடியே ஆரம்பித்தாள். எச்சம் எப்படி இளகியது, புழுதி எப்படி வழிந்தது, துண்டை எப்படி விரித்தாள், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். சொல்லச் சொல்ல உற்சாகம் ஏறியது.

"தேய்க்கலையே அண்ணி?"

"தேய்ப்பேனா? ஒத்தித்தான் எடுத்தேன். ஒரு விரல் படல. உன் டேங்க்கை நான் தொட்ட மாதிரியே உனக்குத் தெரியாது, வந்து பாரு."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோதுதான் கணவரின் முகத்தைக் கவனித்தாள். தேநீர்க் குவளை வாயருகே அப்படியே நின்றிருந்தது. அவர் பார்வை போன இடத்தை அவளும் பார்த்தாள். அங்கே அவளுடைய இடது கை இருந்தது. கையில் பனியன் துணி இருந்தது. துணி டேங்க்கின் மேல் இருந்தது.

புதுத் துண்டு, புது வாளி என்று எல்லாவற்றையும் மாற்றியவள், தோளில் கிடந்த துணியை மாற்றவில்லை. வருஷக்கணக்காக அங்கேயே கிடப்பதால் அது ஒரு பொருள் என்கிற நினைப்பே அவளுக்கு இல்லை. இத்தனை காலம் எத்தனை வண்டிகளுக்குப் போட்ட வேக்ஸும் அதில் ஊறியிருந்தது. வாய் பேசினால் கை தேய்க்கும், அது அவள் பழக்கம். வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டே டேங்க்கைத் தேய்ப்பாள், அதனாலேயே வாயாடிகளின் வண்டி கூடுதலாக மின்னும் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

கையை எடுத்தாள். டேங்க்கின் இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திட்டு மினுமினுத்தது. குனிந்தாள். அதில் அவள் வாய் தெரிந்தது, பல்லும் தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் பல்லைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

கணவர் தேநீரைக் கீழே வைத்தார். யோசித்தார். பிறகு மெதுவாக, "முழு வண்டியையும் அதே மாதிரி ஆக்கிட்டா?" என்றார். "ஒரே சீரா இருக்கும். நாம வேற வண்டியை மாத்திக் குடுத்துட்டோம்னு நினைச்சுக்குவா."

அக்கா பார்த்த பார்வையில் அவர் குவளையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்த இடத்திலேயே பெயின்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. மினுங்குவதற்குக் காரணம் இரண்டு. மேடு மழுங்கியிருக்கலாம், இல்லை பள்ளம் நிரம்பியிருக்கலாம். மேடு மழுங்கியிருந்தால் தீர்ந்தது கதை. ஆனால் பள்ளத்தில் வேக்ஸ்தான் உட்கார்ந்திருக்கிறது என்றால் அதை வெளியே எடுக்கலாம் அல்லவா? பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுதான். எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? எழுந்துவிட்டாள். நெஞ்சு படபடவென்று அடித்தது, ஆனால் அதில் இப்போது பயம் பாதிதான்.

மட்கார்டை எடுத்து வந்தாள். கட்டிப் பாலிஷால் அழுத்தித் தேய்த்துக் கெடுத்த மூலை அதில் இருந்தது. அது மேடு மழுங்கியது. தோள் துணியால், போனில் பேசும்போது எவ்வளவு அழுத்துவாளோ அவ்வளவே அழுத்தி, பக்கத்தில் ஒரு புதுத் திட்டு உண்டாக்கினாள். சரியான அழுத்தம் வரவேண்டும் என்பதற்காகத் தேய்க்கும்போது கணவரோடு வம்பளந்தாள். டேங்க்கில் நடந்தது இதேதான். இப்போது வேக்ஸை மட்டும் கரைத்து, பெயிண்ட்டைத் தொடாமல் விட்டு, தானும் தங்காமல் பறந்துபோகிற ஏதாவது வேண்டும்.

போன் ரிப்பேர்காரரிடம் ஓடினாள். அவர் போன் போர்டுகளில் ஒட்டும் எண்ணெய்ப்பசையைத் துடைக்க ஐ.பி.ஏ. என்று ஒரு ஸ்பிரிட்டை வைத்திருந்தார். அக்கா கேட்டதும் கொடுத்தார், ஆனால் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கூடவே வந்துவிட்டார். தண்ணீர் கலந்து நீர்க்கவைத்தாள். சுத்தமான துணியின் ஒரு முனையில் தொட்டு, மட்கார்டின் இரண்டு திட்டுகளின் மேலும் வைத்து எடுத்தாள். தேய்க்கவில்லை. வைத்தாள், எடுத்தாள், துணியின் புது முனைக்கு மாறினாள்.

ஈரமாக இருக்கும்போது இரண்டும் ஒரே கருப்பாகத் தெரிந்தன. காய்ந்தால்தான் உண்மை தெரியும். மூன்று பேரும் மட்கார்டின் மேல் குனிந்து மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஈரம் விளிம்பிலிருந்து உள்ளே சுருங்கியது. பாலிஷ் போட்ட மூலை அப்படியே மினுங்கியது. பக்கத்துத் திட்டு இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"அக்கா, போயிடுச்சு," என்றார் போன் ரிப்பேர்காரர், ஏதோ தன் வண்டி பிழைத்தது போல.

"மட்கார்டுல போயிடுச்சு. டேங்க்குல நான் அழுத்தினது எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்?" என்றாள் அக்கா. ஆனால் குரல் துள்ளியது.

டேங்க்கின் முன்னால் போய் உட்கார்ந்து முதல்முறை துணியை வைத்து எடுக்கும்போதுதான் நாத்தனார் வந்து நின்றாள். வகுப்பைச் சீக்கிரம் முடித்துவிட்டிருந்தாள், ஆவல் தாங்கவில்லை. அக்கா மறைக்க நினைக்கவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்: தேய்க்கவில்லை என்று சொன்னபோதே தேய்த்துக்கொண்டிருந்தாள் என்பதையும் சொன்னாள்.

நாத்தனார் திட்டையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது போலத்தான் இருந்தது.

"அதாவது, நான் தேய்க்கலையேன்னு கேட்டேனே, அப்பவா?"

"அப்பத்தான்."

"அப்ப நானும் உடந்தை," என்று சொல்லிவிட்டு நாத்தனார் செருப்பைக் கழற்றித் தள்ளிவிட்டு ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சரி, பண்ணுங்க. மெதுவா. அவசரப்படாதீங்க. கண்ணு முன்னாடி இருக்கட்டும்."

அக்கா வைத்து எடுத்தாள். துணியின் முனையில் லேசாக மஞ்சள் பிடித்தது. வேக்ஸ். நாத்தனாரின் கை அவள் தோளை இறுக்கியது. புது முனை. வைத்தாள், எடுத்தாள். இரண்டாவது முனையில் மஞ்சள் குறைந்தது, அதற்கடுத்ததில் தெரியவேயில்லை. டேங்க்கின் தோள் நனைந்து கருத்துக்கிடந்தது. இனிக் காயவேண்டும், செய்வதற்கு ஒன்றும் இல்லை. கணவர் உள்ளேயிருந்து வந்து, ஊதிவிடவா என்று கேட்டார். இரண்டு பெண்களும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள்.

ஈரம் சுருங்க ஆரம்பித்தது. முதலில் விளிம்பு மங்கியது. அக்காவுக்குக் காதுக்குள் தன் மூச்சு கேட்டது. நடுவில் ஒரு இடம் கடைசி வரைக்கும் பிடிவாதமாக மின்னியது, நாத்தனாரின் நகம் அக்காவின் தோளில் பதிந்தது. பிறகு அதுவும் யாரோ விளக்கை அணைத்த மாதிரி அடங்கியது.

நாத்தனார் எழுந்து ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு வெயிலுக்குப் போனாள். கூரைக்குக் கீழே தப்பித்துக்கொள்வதை வெயில் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். நடுத்தெருவில் நிறுத்தினாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் முழங்கால் போட்டு விளிம்போரமாகப் பார்த்தார்கள். ஒரு ஆட்டோ ஹார்ன் அடித்துப் பார்த்துவிட்டு, இவர்கள் நகர்கிற வழியைக் காணாமல் சுற்றிக்கொண்டு போனது.

"இங்கதானே இருந்துச்சு?" என்று நாத்தனார் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"இல்ல, இன்னும் மேல," என்றாள் அக்கா.

"மேல இல்ல அண்ணி, நான் பார்த்தேனே, மூடிக்குப் பக்கத்துல."

"தேய்ச்சவ நானா நீயா?"

கணவரைக் கூப்பிட்டார்கள். அவர் மூன்றாவதாக ஒரு இடத்தைக் காட்டினார். போன் ரிப்பேர்காரர் கடை வாசலிலிருந்தே, அது வலது பக்கம் அல்லவா என்று கேட்டார். கருப்பு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே ஆழத்தில் கிடந்தது. அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முழங்காலில் தெருமண் ஒட்டியிருக்க, நடுத்தெருவிலேயே உட்கார்ந்து சிரித்தாள். நாத்தனாரும் எதிர்ப்பக்கத்தில் டேங்க்குக்கு மேலாகத் தலை நீட்டிச் சிரித்தாள்.

சிரித்து ஓய்ந்ததும் நாத்தனார் போனை எடுத்துத் தோழிகளில் ஒருத்தியைக் கூப்பிட்டாள். வண்டி எப்படி வந்திருக்கிறது என்று அந்தப் பக்கம் கேட்டிருக்கவேண்டும்.

"நாளைக்கே கொண்டாங்க, எல்லாரும் கொண்டாங்க," என்றாள் நாத்தனார். அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். "ஆனா ஒண்ணு. வண்டியை விட்டுட்டுப் போயிடணும். வேலை முடியிற வரைக்கும் எங்க அண்ணிக்கு ஒருத்தரும் போன் பண்ணக்கூடாது."